தவளை கத்தவில்லை

நான்காவது திருகாணி மட்டும் அசைய மறுத்தது. அவள் திருப்புளியை அழுத்தித் திருகினாள். அது வழுக்கி அவளுடைய இடது கட்டைவிரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, மேசையின்மேல் குப்புறக் கிடந்த அந்தச் சிறு ரோபோவை வெறித்துப் பார்த்தாள்.

அப்பாவின் அறைக் கதவுக்கு அப்பால், கூடத்தில், அவர் கிடத்தப்பட்டிருந்தார். ஒரு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

மாமாவின் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்ததும் வந்தவர்களிடம், அப்பா மாத்திரையை மறந்துவிட்டார் என்றார். எட்டு மணிக்கு வந்தவர்களிடம், அப்பாவுக்கு மாத்திரை பிடிக்காது என்றார். இப்போது கதை முற்றிப் பழுத்திருந்தது.

"பதினோரு நாள் சார். ஒரே அடம். பெத்த பொண்ணு மிஷினே செஞ்சு கொண்டாந்து வச்சிருக்கா. அது பாட்டுக்குத் தினமும் கூப்பிடுது. மனுஷன் அசையணுமே. ரத்தம் உறைஞ்சு தலைக்கு ஏறிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு."

"முன்னேருந்தே அப்படித்தானா?"

"பிறவிக் குணம் சார் அது."

திருகாணி இம்முறை சுழன்றது. அவள் முதுகு மூடியைக் கழற்றினாள். அவள் தேடியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் ஒலியைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் இந்த ரோபோவைக் கையோடு கூடத்துக்கு எடுத்துப்போய், எல்லார் முன்னாலும் அவன் மடியில் வைத்துவிடுவது என்று அவள் நள்ளிரவுப் பேருந்தில் வரும்போதே முடிவுகட்டியிருந்தாள்.

ஒரு தண்ணீர்ச் செம்பின் உயரம்தான் அது. உருண்டைத் தலை, வயிற்றில், ரத்தம் உறையாமலிருக்க அப்பா போட்டுக்கொள்ளும் மாத்திரைகளுக்கான சிறு இழுப்பறை. காலை பத்து மணிக்கு அது ஒலியெழுப்பும்; இழுப்பறை திறக்கும். மாத்திரையை எடுத்தால் ஒலி நிற்கும். எடுக்காவிட்டால் அரை மணி நேரத்துக்கு விட்டு விட்டு அழைத்துப் பார்த்துவிட்டு, இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு, "எடுக்கவில்லை" என்று அண்ணனின் கைபேசிக்கு ஒரு வரி அனுப்பும். ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம் அதைத் தயாரித்தது. அதன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு ஒலியும் அவளுடைய பொறுப்பு.

கம்பி உறுதியாக இருந்தது. ஒலியின் அளவு உச்சத்தில் இருந்தது. யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை.

சினம் போக இடமின்றி ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு அது அப்பாவின் பக்கம் திரும்பியது. கூடத்தில் கிடக்கும் அந்த மனிதரின்மேல், வெள்ளைத் துணிக்குக் கீழே மூக்கு மட்டும் கூராக எழுந்து நிற்கும் அந்த முகத்தின்மேல், அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது. எழுந்து நாலடி நடந்து இரண்டு வில்லைகளை விழுங்குவதற்கு என்ன கேடு?

கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்தாள். அழுது வீங்கிய கண்களோடு மேசையையும் திருகாணிகளையும் பார்த்தாள்.

"இப்ப இதைப் பிரிச்சு மேயணுமா?"

"ஏன், பயமா இருக்கா?"

 அண்ணி கையிலிருந்த காபிக் குவளையைத் திருகாணிகளுக்கு நடுவே ஓசைப்பட வைத்தாள். "உன்னைத் தேடிக்கிட்டு உன் கம்பெனிக்காரர் வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிறுவனத் தலைவருக்கு முப்பத்து நான்கு வயது. ஒன்பது பேரில் அவர்தான் மூத்தவர். கூடத்தில் அப்பாவின் காலருகே கைகட்டி ஒரு நிமிடம் நின்றுவிட்டு, உள்ளே வந்து, கதவை மெல்லச் சாத்தினார்.

"என்ன சொல்றதுன்னே தெரியலம்மா."

"பரவாயில்ல சார்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார்."

அவர் பிரிந்து கிடந்த ரோபோவைப் பார்த்தார், பார்வையை விலக்கினார், மறுபடியும் பார்த்தார். "பதிவெல்லாம் பத்திரமா இருக்கில்ல?"

"எந்தப் பதிவு?"

"பத்து மணிக்குக் கூப்பிட்டுது, பெட்டி திறந்துது, அவர் எடுக்கலைங்கற பதிவு. அதை ஒரு பிரதி எனக்கு அனுப்பிடுங்க. மிஷின் சரியாத்தான் வேலை செஞ்சுதுன்னு குடும்பத்துலேருந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தா நல்லது. நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டா நமக்கு ஒரு பிடிமானம் வேணும் பாருங்க."

"குடும்பம்னா யாரு சார்?"

"நீங்கதான்."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். கையில் இருந்தால் அதைக் கொண்டு எதையாவது செய்துவிடுவாள் என்று தோன்றியது. "அப்பாவை எடுத்ததுக்கு அப்புறம் எழுதட்டுமா, இப்பவே எழுதட்டுமா?"

அவர் முகம் சிவந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

அவள் மூடியை மாட்டவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். அண்ணன் அங்கே, கழுவித் துடைத்த தட்டுகளையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நின்றான். பேருந்துப் பணிமனையில் வேலை செய்பவன். நகக்கண்களில் எண்ணெய்க் கறை எந்த நாளும் போவதில்லை.

"பத்து நாள் உன் போனுக்குச் செய்தி வந்திருக்கு. பத்து நாள் நீ என்ன புடுங்கிக்கிட்டு இருந்தே?"

அவன் தட்டை வைத்தான். இந்தக் கேள்விக்காகவே விடியற்காலையிலிருந்து காத்திருந்தவனைப்போல் நிதானமாகத் திரும்பினான்.

"மெதுவாப் பேசு. வெளியில ஆளு இருக்கு."

"இருக்கட்டும். கேக்கட்டும்."

"மொத நாலு நாள் அவர்கிட்ட சண்டை போட்டேன். ஏன்ப்பா எடுக்கலன்னா, அது கூப்பிடவே இல்லடாங்கறாரு. தவளை செத்துப் போச்சுடாங்கறாரு. அஞ்சாம் நாள் உனக்குப் போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் உன் மிஷின்ல பாத்துத்தான் சொல்லுவியா?"

அவளுக்கு நினைவிருந்தது.

"அப்பா கூப்பிடலங்கறாருன்னு சொன்னேன். நீ என்ன சொன்னே?"

அவள் துடைத்த தட்டுகளின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"நான் சொல்றேன். கூப்பிட்டிருக்கு, நேரம் நிமிஷத்தோட என்கிட்ட இருக்கு, அப்பா பொய் சொல்றாருன்னே. குழந்தை மாதிரி ஆயிட்டாரு, செல்லம் கொடுக்காதேன்னே. சரி, ராத்திரி வந்து நானே கொடுத்துடறேன்னேன். வேண்டாம், காலைல மறுபடி பெட்டி திறக்கும், ரெண்டு வேளை சேர்ந்துடும், ரத்தம் கசியும்னே. படிச்சவ சொல்றாளேன்னு விட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"தினமும் பத்தரைக்கு, நான் வண்டிக்கு அடியில படுத்திருக்கறப்ப, எடுக்கவில்லை எடுக்கவில்லைன்னு அது அடிச்சுக்கும். ஒரு நாள் ஆத்திரத்துல அந்தச் செய்தி வராம பண்ணிட்டேன்." அவன் துணியை இறுக்கிப் பிழிந்தான், அதில் தண்ணீர் இல்லை. "அது என் தப்பு. நான் இல்லேங்கல."

"ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்திருக்காரே. அது எப்படி?"

"நான் வீட்ல இருந்தேன். அது அந்தக் கத்துக் கத்துது. அவரு ஜன்னல்கிட்ட பேப்பர் படிச்சுக்கிட்டே இருக்காரு. திரும்பிக்கூடப் பாக்கல. கூப்பிடுதுல்லன்னு போய்த் தோளைத் தட்டினேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு பாரு. நான் அவரைக் கேலி பண்ற மாதிரி. அப்புறம் பேசாம எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்கிட்டாரு. நல்லா நடிக்கிறாருன்னு நினைச்சேன்."

அவன் அந்தத் துணியால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவனைத் தேற்றவில்லை. தேற்றும் அளவுக்கு அவளிடம் எதுவும் மீந்திருக்கவில்லை. அவன் சொன்ன எல்லாவற்றிலும் ஒரே ஒரு சொற்றொடர்தான் அவளுக்குள் நெருஞ்சிமுள்ளாகத் தைத்து நின்றது. தவளை செத்துப் போச்சு.

தவளை என்று அதற்குப் பெயர் வைத்தவர் அப்பாதான். இந்த ரோபோ முதலில் வந்தபோது அதன் குரல் சகிக்க முடியாததாக இருந்தது. ஒரு நாணயத்தின் அகலமே உள்ள ஒலிபெருக்கியில் கனத்த ஒலியைக் கொண்டுவர முயன்றால், அது மூச்சுத் திணறி, பிளாஸ்டிக் கூட்டையே சேர்த்து உதறும். ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்திலும் முடிவிலும் 'டக்' என்று ஒரு வெட்டு விழும். "இது என்ன வீடா, குளக்கரையா?" என்று முதலில் கேட்டவள் அண்ணி. பிறகு வாடிக்கையாளர்கள் பலரும் அதையே நாகரிகமான சொற்களில் எழுதினார்கள்.

அவள் மூன்று மாதம் அதனோடு மல்லுக்கட்டினாள். அந்தச் சின்னஞ்சிறு தகடு எந்த ஒலியைச் சிரமமின்றி எழுப்பும் என்று படிப்படியாகத் தேடி, நொடிக்கு மூவாயிரத்து இருநூறு அதிர்வுகள் கொண்ட உயர்ந்த சுருதியில் அதைக் கண்டுபிடித்தாள். அலையின் கூர்முனைகளை மழித்து வழவழப்பாக்கினாள். தொடக்கத்தைப் பூ மலர்வதுபோல் மெல்ல எழச் செய்து, முடிவை மெல்லத் தணியச் செய்தாள், வெட்டு மறைந்தது. கூட்டின் உதறல் நின்றது. பிசிறில்லாத, பளிங்கு போன்ற ஒற்றைச் சுரம். ஒன்பது பேரும் மேசையைச் சுற்றி நின்று கேட்டுக் கைதட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, இணையம் வழியாக, எல்லா வீடுகளிலும் இருந்த எல்லா ரோபோக்களுக்கும் அந்தப் புதிய குரல் போய்ச் சேர்ந்தது.

அது எந்தத் திங்கட்கிழமை என்று அவள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகப் பதினோரு நாள்.

அப்போது வாசலில் ஒரு முரட்டுக் குரல் எழுந்தது. "எங்கடா நாலாம் நம்பரு?"

கூடம் திடுக்கிட்டு அடங்கியது. மெலிந்து உயர்ந்த ஒரு கிழவர் தடியூன்றி நின்றிருந்தார். தகடு அழுத்தும் தொழிற்சாலையில் அப்பாவோடு முப்பத்தோரு ஆண்டுகள் வேலை செய்தவர். அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தால் எந்திரச் சத்தத்தில் எடுபடாது. விரல்களைக் காட்டி எந்திரத்தின் எண்ணால் அழைப்பார்கள். அப்பா நாலாம் நம்பர். வந்தவர் மூணாம் நம்பர். ஓய்வுபெற்ற பிறகும் இருவரும் அந்த எண்களை விடவில்லை.

அவர் அப்பாவின் முகத்தருகே நெடுநேரம் நின்றார். "ஷிஃப்டு முடியறதுக்கு முன்னாடியே போயிட்டியேடா" என்றார், தெருமுனை வரை கேட்கும்படி. மாமா முகத்தைச் சுளித்து, "மெதுவா" என்று சைகை காட்டினார். மூணாம் நம்பர் அதைப் பொருட்படுத்தவில்லை. உட்கார இடம் தேடி, கூட்டத்தைத் தாண்டி, அப்பாவின் அறைக்குள் போய், சன்னலருகே இருந்த அப்பாவின் நாற்காலியிலேயே அமர்ந்துகொண்டார்.

அவள் பின்னாலேயே போனாள். அவருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"சாப்பிட்டியா பாப்பா?" அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். அப்பாவும் அப்படித்தான், யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்ப்பார். சிறுவயதில் அதை அன்பு என்று அவளும் அண்ணனும் நம்பினார்கள். எந்திரங்களுக்கு நடுவே உதடுகளைப் படித்துப் பழகியவர்களின் பார்வை அது என்று அவளுக்கு இன்றுவரை தோன்றியதே இல்லை. வயதானாலும் இரைச்சலில் உழன்றாலும் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஒலிகளையே என்று தேர்வில் விடையெழுதி அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அவள் திரும்பி நின்று, திறந்த முதுகோடு கிடந்த ரோபோவை நிமிர்த்தி வைத்தாள். சோதனைக்கான பொத்தானை அழுத்தினாள்.

ஒலி எழுந்தது. பிசிறில்லாத அந்தச் சுரம் அறையை நிறைத்து, கூடத்துக்குள் பாய்ந்தது. "அட, அதை நிறுத்தும்மா, பொணம் கிடக்கற வீட்ல" என்று மாமா அதட்டினார். அண்ணி கதவருகே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணன் வந்தான்.

மூணாம் நம்பர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுதானா தவளை?" அவர் ரோபோவைத் தடியால் சுட்டினார். "போன மாசம் பூரா இதைப் பத்தித்தான் பேச்சு உங்கப்பனுக்கு. எம்பொண்ணு செஞ்சது, கர்ருபுர்ருன்னு கத்தும், கேட்டாலே சிரிப்பு வரும்னான். எங்க, கொஞ்சம் கத்தச் சொல்லு பாப்போம்."

ஒலி நிற்கவில்லை. எழுந்து, தணிந்து, மறுபடியும் எழுந்துகொண்டிருந்தது.

அவள் அவருக்கு எதிரே மண்டியிட்டு, உதடுகளைத் தெளிவாக அசைத்துக் கேட்டாள். "இப்ப ஏதாவது சத்தம் வருதா?"

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, ரோபோவின் பக்கம் சாய்ந்தார். புருவத்தை நெரித்தார். கடமை தவறாத மாணவனைப்போல் காத்திருந்தார்.

"நீ ஆரம்பி பாப்பா. நான் சொல்றேன்."

கதவருகே அண்ணன் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கைபேசியைத் திறந்து, பழைய ஒலிக்கோப்பைத் தேடி எடுத்தாள். மூன்று மாதம் பாடுபட்டு அவள் ஒழித்துக்கட்டிய குரல். விரல் இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டது. மூன்றாம் முறை ரோபோ தன் கூட்டை உதறிக்கொண்டு 'டக்' என்று தொடங்கிக் கரகரத்தது. மேசையில் கிடந்த திருகாணிகள் நான்கும் அதிர்ந்து உருண்டன.

மூணாம் நம்பரின் முகம் மலர்ந்தது. "ஆங்! தவளையேதான்" என்று தொடையைத் தட்டிச் சிரித்தவர், சாவு வீடு என்பது உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, சிரிப்பின் மீதியிலேயே சொன்னார்: "போன வாரம் பாத்தப்பதான் பாவம் ரொம்ப நொந்துக்கிட்டான். தவளை கத்தறதே இல்லடா, தினமும் இங்கதான் உக்காந்து காத்துக்கிட்டு இருக்கேன், பகல் சாப்பாட்டு நேரமே வந்துடுதுன்னான். நீயா எடுத்துப் போட்டுக்கயேன்டான்னேன். அது கூப்பிட்டாத்தான் எடுக்கணும், நீயா தொடக்கூடாதுன்னு பொண்ணு கண்டிஷனா சொல்லியிருக்காடான்னுட்டான்."

அவள் சொல்லியிருந்தாள். அம்மா போன பிறகு அப்பாவுக்கு நாள்கிழமை குழம்பி, ஒரே காலையில் இருமுறை மாத்திரை போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போன சமயத்தில், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மூன்று முறை சொல்லியிருந்தாள்.

ரோபோவை நிறுத்தினாள். அறை அமைதியானதும் கூடத்துக் குரல் மீண்டும் தெளிவாகக் கேட்டது. மாமாவுக்குப் புதிதாக யாரோ கிடைத்திருந்தார்கள்.

"பதினோரு நாள் சார். ஒரே அடம்."

அவள் எழுந்தாள். அண்ணன் வழிவிடவில்லை. நிலைப்படியில் நின்றபடி அவள் கையைப் பிடித்தான். அவனுடைய கண்களில் இருந்தது இரக்கம் அன்று. அவள்மேல் இருந்த கோபம் முழுவதும் அப்படியே இருந்தது.

"இப்ப வேண்டாம்" என்றான் தாழ்ந்த குரலில். "எல்லாரும் போகட்டும். நம்மளுக்குள்ள பேசிக்கலாம்."

"அவங்க போகும்போது இந்தக் கதையைத்தான் எடுத்துக்கிட்டுப் போவாங்க."

"போனா போகட்டும். அவருக்கு இனிமே என்ன?"

"கையை விடு."

அவன் விட்டான்.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். நிறுவனத் தலைவர் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். அவள் அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள். மாமாவை நேராகப் பார்த்தாள்.

"மாமா, அந்தக் கதையை இதோட நிறுத்துங்க."

"என்னம்மா, நான் என்ன இல்லாததையா..."

"இல்லாததைத்தான். அப்பா அடம் பிடிக்கல. சொன்ன சொல்லை மீறாம தினமும் உக்காந்து காத்துக்கிட்டு இருந்திருக்காரு. மிஷின் கூப்பிட்டது அவர் காதுல விழவே இல்ல. அதோட சத்தத்தை மாத்தினது நான். மாத்தினதை அவர் காதுக்கு எட்டுதான்னு ஒரு தடவைகூடக் கேட்டுப் பாக்காதவ நான். கூப்பிடலன்னு அவர் சொன்னப்ப, பொய் சொல்றாருன்னு சொன்னதும் நான்."

 அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நிறுவனத் தலைவர் ஓரடி முன்னால் வந்தார். "அம்மா, நீங்க இப்ப இருக்கற மனநிலையில இதெல்லாம் பேச வேண்டாமே. வெளிய போய்..."

"பதிவு கேட்டீங்களே சார். இதுதான். எழுதிக்கோங்க."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மாமா தொண்டையைக் கனைத்தார். அருகிலிருந்தவரிடம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவருக்கே தெரிந்த நேரம்தான். வந்தவர்கள் தங்கள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறையிலிருந்து தடி தட்டும் ஓசை வந்தது. மூணாம் நம்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அப்பாவுக்கு அந்தப் பக்கம் நின்றார். எல்லாருடைய முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். எதையோ தவறவிட்டுவிட்டோம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

"என்ன பாப்பா சொன்னே? நீ அந்தப் பக்கம் பாத்துச் சொல்லிட்டே. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

யாராவது குறுக்கிட்டு வேறு எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள் என்று கூடம் காத்திருந்தது. அண்ணன் இம்முறை அவளைத் தடுக்கவில்லை.

அவள் அப்பாவைச் சுற்றிக்கொண்டு அவரருகே போனாள். அவருடைய கண்கள் அவள் உதடுகளுக்கு நகர்ந்து அங்கே நிலைத்தன. அவள் குரலின் சுருதியைத் தணித்துக் கனமாக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.